தள்ளினால்தான் கிளம்பும்

பஸ் டிப்போவில் அவருக்கு ‘மேட்டு டிரைவர்’ என்று பெயர். எங்கே போனாலும் மேடு பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவார். புது பேட்டரி வருவது நின்று வருடக்கணக்காகிவிட்டது. சரிவில் உருட்டிவிட்டால்தான் எஞ்சின் பிடிக்கும். சமதளத்தில் அணைந்து போனால் பயணிகள் முணுமுணுக்காமல் இறங்கித் தள்ளுவார்கள். ஊருக்கே அது பழகிப் போயிருந்தது.

ஆட்சி ஆட்டம் காண்பதை அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பார்த்தார். விலைவாசி ஏற ஏற, கூடையோடு ஏறுபவர்கள் குறைந்தார்கள். நூற்பாலையை மூடியதும் காலை ஷிப்டுக் கூட்டமே இல்லாமல் போனது. அதில் அவர் மனைவியும் ஒருத்தி. தொழிலாளர் அலுவலகத்தில் பூட்டு தொங்கியது. கோர்ட்டில் வாய்தாவுக்கு மேல் வாய்தா. கேட்க ஆளில்லாத குறையெல்லாம் கடைசியில் போராட்டமாக ஊர்ச் சதுக்கத்துக்கு வந்து உட்கார்ந்தது. ஆலைப் பெண்களோடு அவளும் உட்கார்ந்தாள்.

ஒரு காலையில், போலீஸாரை அங்கே கொண்டுபோய் இறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மறுத்தால் வேலை போகும். போனால், மனைவி மேல் விழப்போகும் அடியை அவரே ஏற்றிச் சென்றதாகும். வண்டியை எடுத்தார்.

“என்ன டிரைவரே, இவ்வளவு மெதுவா?” என்றார் போலீஸ் அதிகாரி.

“ரோடு அப்படி சார்.”

கடைவீதியில் கூட்டம் குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தியவரின் இடது கால் கிளட்சுக்குப் போகவில்லை. எஞ்சின் குலுங்கி அணைந்தது. வேண்டுமென்றேயா, தடுமாறியா என்பது அவருக்கே தெளிவில்லை. வீரம் என்று சொன்னால் அது மிகை.

“ஸ்டார்ட் பண்ணுய்யா.”

“தள்ளினாத்தான் சார் கிளம்பும்.”

தள்ள இரண்டு கையும் வேண்டும். லத்திகளை இருக்கையிலேயே போட்டுவிட்டு இறங்கினார்கள். காய்கறிக்காரி சிரித்தாள்.

“உங்க பொழப்பும் தள்ளுவண்டிதானா தம்பி?”

“எங்க வீட்டுல கேஸ் சிலிண்டர் வந்தே ரெண்டு மாசமாச்சுக்கா,” என்றான் ஒரு கான்ஸ்டபிள், மூச்சு வாங்கியபடி.

பழக்க தோஷத்தில் தெருவில் நின்றவர்களும் வந்து தோள் கொடுத்தார்கள். எஞ்சின் பிடித்தது. ஆனால் போலீஸார் யாரும் ஏறவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவர்களோடு பேசிக்கொண்டே நின்றார்கள்.

“ஏறுங்கய்யா,” என்றார் அதிகாரி, இரண்டு முறை. பிறகு தான் மட்டும் ஏறி உட்கார்ந்தார்.

“எங்க சார் விடட்டும்?”

அதிகாரி காலி இருக்கைகளைத் திரும்பிப் பார்த்தார். “டிப்போவுக்கே விடு.”

ஆட்சி அதற்குப் பிறகும் சில நாள் இழுத்துக்கொண்டு கிடந்துதான் விழுந்தது. வண்டி நின்ற அன்று சாயங்காலம் மனைவி கோஷம் போட்டுத் தொண்டை கம்மி வீட்டுக்கு வந்தாள்.

“போலீஸ் வருது வருதுன்னாங்க. ஒருத்தனையும் காணோம்.”

அவர் வெந்நீர் வைக்கப் போனார்.