சனிக்கிழமை மோர் மிளகாய்

எனக்கு எட்டு வயதானபோது அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்வதை நிறுத்தியிருந்தார்கள். அவர்களுக்காக இரண்டு வக்கீல்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அம்மாவும் கறம்பக்குடியில் மாமா வீட்டில் இருந்தோம்; அப்பா மணமேல்குடியில். நான் யாரிடம் வளர்வது என்ற வழக்கு முடியும்வரை, சனிக்கிழமைதோறும் புதுக்கோட்டை கோர்ட்டில் பிள்ளைகளுக்கென்று இருந்த அறையில் அப்பா என்னை இரண்டு மணி நேரம் பார்க்கலாம் என்று உத்தரவு. அந்த இரண்டு மணி நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்துக் கிடப்பேன்.

மதியச் சோற்றை அம்மா அடுக்குச் சட்டியில் கட்டிக் கொடுப்பாள். தயிர்ச்சோறு, உருளைக்கிழங்குப் பொரியல், மேல்தட்டில் எண்ணெயில் பொரித்த மோர் மிளகாய் ஐந்து. "மிச்சம் வைக்காமத் தின்னுட்டு வா" என்பதோடு சரி. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

இருவரும் சாப்பிட்டதும் அப்பா அடுக்கைக் குழாயடியில் கழுவித் துடைப்பார். எங்கள் பக்கத்தில் யாரும் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. கோர்ட்டுக்குப் போனாலும் அப்பா அதை விடவில்லை. பையிலிருந்து நெத்திலிக் கருவாட்டை எடுத்து நிரப்பிக் கொடுப்பார். திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார். மாமா பல்லைக் கடிப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கருவாட்டுக் குழம்பை இரண்டு தடவை ஊற்றிக்கொள்பவரும் அவர்தான்.

மாமாவுக்கு ஒரு பயம் இருந்தது. ஏதாவதொரு சனிக்கிழமை அப்பா என்னை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டால்? அதனால் இந்தச் சந்திப்பையே நிறுத்தச் சொல்லி அம்மாவை மனுப் போட வைத்தார். நீதிபதி என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். அதற்கென்று குறித்த சனிக்கிழமை பஸ்ஸில் மாமா தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஆத்தா, ஜட்ஜம்மா கேட்டா, அப்பாவைப் பாக்கப் புடிக்கலைன்னு சொல்லிரு. அம்மாவுக்கு ஒன்னைய விட்டா யாரு இருக்கா?" அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீதிபதியம்மாவின் அறையில் சோற்றுப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அப்பாவைப் பாக்கப் புடிக்குமா?"

"புடிக்கலை" என்றேன். சொன்னபடி சொல்லியாயிற்று. அடுத்த மூச்சிலேயே, "சீக்கிரம் விடுறீங்களா? அப்பா பசியோட இருப்பாரு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பையில் என்ன என்று கேட்டார். திறந்து காட்டினேன்.

"இவ்வளவு மிளகாயும் நீயா திம்பே?"

"எனக்கு ஒறைக்கும். அப்பாதான் திம்பாரு."

"ஒனக்கு ஒறைக்கும்னு அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியும். மத்த நாளு வைக்காது. சனிக்கிழமைன்னா மட்டும் மறந்துருது."

அவர் தானே அடுக்கை மூடி என் கையில் கொடுத்து, "போ பாப்பா, ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்றார்.

சந்திப்பை நிறுத்தவில்லை. சில மாதங்களில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி, பள்ளி நாட்களில் அம்மாவிடம், விடுமுறைக்கு அப்பாவிடம் என்று முடித்தார்கள். அவர்கள் மறுபடி சேரவில்லை. ஆனால் நான் இருவரில் ஒருவரையும் இழக்காமல் வளர்ந்தேன். பெயர்கூட ஞாபகமில்லாத அந்த நீதிபதியம்மாவை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். மாமாவையும்தான்; முதல் கோடை விடுமுறைக்கு என் பெட்டியைச் சுமந்துவந்து மணமேல்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டவர் அவர்.

நீதிபதியிடம் பேசிவிட்டு வந்த அன்று, என்னால் அம்மாவுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டதோ என்று பயந்து, வீட்டில் மெதுவாகச் சொன்னேன்: "எனக்குக் காரம் ஆகாதும்மா. ஜட்ஜம்மாவே கேட்டாங்க. இனிமேயாச்சும் ஞாபகம் வச்சுக்க."

"சரிடி, மறக்க மாட்டேன்" என்றாள் அம்மா.

அடுத்த சனிக்கிழமை மேல்தட்டில் பத்து மிளகாய் இருந்தன. இந்த வயதில் அம்மாவுக்கு இவ்வளவு மறதியா என்று எனக்குக் கவலையாக இருந்தது.