கோயில் லோரிக்கு ஒரு பிரேம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டி ஒரு லோரி வாங்கியது. சரியாகச் சொன்னால் அது நாலு கதவுள்ள பிக்கப். ஆனால் பின்னால் திறந்த பெட்டி இருந்தால் தோட்டத்தில் எல்லாமே லோரிதான். யாரோ ஓட்டி விற்ற வண்டி என்றாலும் நல்ல வண்டி. மேட்டில் திணறாது, சாலை வரி கட்டியாகிவிட்டது, முன்னும் பின்னும் நம்பர் பிளேட் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் குறை. நம்பர் பிளேட்டைச் சுற்றிப் போடுகிற அலங்கார பிரேம் இல்லை. அந்தக் குறைக்காக வண்டி கோயில் கொட்டகையில் மாலையும் கழுத்துமாக மாதக்கணக்கில் நின்றது.

நான் தோட்டத்து ஆபீசில் கிராணி. சம்பளக் கணக்கு எழுதுகிற வேலை. வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். இந்த விஷயத்தில் அதைவிட நீளமான வாய் எனக்கு இல்லாமல் போயிற்றே என்றுதான் வருத்தம்.

அந்த வண்டி யாருக்காக வாங்கப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். என் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். “கிட்னி கழுவப் போறேன்” என்பாள், ஏதோ சட்டி கழுவப் போகிறவள் மாதிரி. தோட்டத்து லோரிகளுக்குக் கொழுந்து ஏற்றவே நேரம் போதாது. விடிகாலையில் பஸ் கிடையாது, திரும்பி வரத்தான் பஸ். டாக்சிக்காரர்கள் எங்கள் மலைப்பாதையைப் பார்த்ததும் ரிங்லெட் டவுனிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். அதனால் அக்கா, லெம்பா பெர்த்தாமிலிருந்து தானா ராத்தா வழியாகக் கோலா தெர்லாவுக்குத் தினமும் காலையில் கோழி எரு ஏற்றிப் போகிற லோரியில் போய்க்கொண்டிருந்தாள். டிரைவர் தங்கமான மனிதர். எருதான் தங்கமாக இல்லை. அக்கா உள்ளே நுழைந்ததும் ஆஸ்பத்திரி நர்சம்மா முதலில் ஜன்னலைத் திறந்து வைப்பாள். அக்கா கட்டிலில் படுத்துக் கையை நீட்டுவாள்.

இதைச் சொல்லித்தான் கமிட்டித் தலைவர் லயத்துக்கு லயம் வசூலுக்குப் போனார். “நம்ம அக்கா கோழி எருவு லோரியில போறாங்க, பார்க்க முடியலங்க, நமக்கே அவமானமா இல்லையா?” என்று வாசலுக்கு வாசல் கண் கலங்கினார். எங்கள் வீட்டு வாசலிலும் கலங்கினார். அக்காவே உள்ளே போய்ப் பணம் எடுத்துவந்து கொடுத்தாள். தன் நோய்க்குத் தானே நன்கொடை கொடுத்தவள் இந்த மலையில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வண்டி வந்தது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். நாளைக்கே அக்கா போகலாம் என்று நான் முட்டாள்தனமாக நம்பினேன். அப்போதுதான் தலைவருக்கு ஞானம் பிறந்தது. வண்டியில் உபயம் எழுதவில்லையே.

எங்கள் கோயிலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கே உபயதாரர் பெயர் இல்லாத பொருள் அம்மன் மட்டும்தான். செருப்பு அலமாரிக்கு உபயம் உண்டு. தீயணைக்கும் சிலிண்டருக்கு உபயம் உண்டு. அதை எப்படித் திறப்பது என்று எழுதியிருந்த இடத்தின் மேலேயே பெயரை ஒட்டிவிட்டார்கள். தீப்பிடித்தால் அந்தப் பெயரை உரக்கப் படிக்கலாம். வண்டிக் கதவில் எழுதினால் சாலைப் போக்குவரத்து இலாகாக்காரர்கள் கேள்வி கேட்பார்கள் என்று யாரோ பயமுறுத்தியதால், நம்பர் பிளேட் பிரேமில் போடுவது என்று தீர்மானம் ஆயிற்று. முழ நீளமும் இல்லாத ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஊர்ப் பெருமை அத்தனையும் ஏற வேண்டும்.

யார் பெயரைப் போடுவது? தலைவர் தன் காலஞ்சென்ற தகப்பனார் பெயரைப் போட வேண்டும் என்றார். அவர் ஒரு காலத்தில் இந்தத் தோட்டத்துக் கங்காணி. பொருளாளர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவர், வண்டி ஓட்ட ஒப்புக்கொண்டவரும் அவர்தான். நான்கு டயரும் தன் செலவு, ஆகவே தன் பெயர்தான் என்றார். கீழே இருப்பது டயர், மேலே எப்படிப் பெயர் வரும் என்று தலைவர் கேட்டார். தேரே டயரில்தானே ஓடுகிறது என்று பொருளாளர் கேட்டார். இரண்டு பேரும் கோயில் சந்நிதியிலேயே ஒருவரை ஒருவர் “சரிதான் போங்க லா” என்று தள்ளிவிட்டுப் பேசினார்கள்.

பிறகு தினுசு பிரச்சினை. தங்க நிறமா, வெள்ளி நிறமா? மூலையில் வேலா, மயிலா, சூலமா? சுற்றிலும் விளக்கு எரிகிற பிரேம் ஈப்போவில் கிடைக்கிறதாம். அதைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கமிட்டி முழுவதும் தலைவரின் காரில் மலை இறங்கிப் போய், வாழை இலையில் சாப்பிட்டுவிட்டு, பிரேம் வாங்காமல் திரும்பி வந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதே வாரம் அக்கா எரு லோரிக்காகச் சந்தியில் மழையில் நின்றாள். வண்டி ஐம்பதடி தூரத்தில் கொட்டகையில் நனையாமல் நின்றது.

கடைசியில் ரிங்லெட்டில் நம்பர் பிளேட் அடிக்கும் சீனரிடம் போனார்கள். அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும். கமிட்டி எழுதிக்கொடுத்ததை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே கோயில் பெயர், கீழே இரண்டு உபயதாரர்கள், நடுவில் “அம்மன் துணை”, இரு பக்கமும் சூலம்.

“அண்ணே, பிரேம் கெச்சில், பேரு பன்யாக்,” என்றார். பிரேம் சின்னது, பெயரோ ஏகப்பட்டது. “எல்லாம் போட்டா நம்பரு எங்க வைக்கிறது?”

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. சீனருக்கு நம் பண்பாடு புரியவில்லை என்று திரும்பிவிட்டார்.

இப்படி இழுத்து இழுத்து, இரண்டு தரப்பும் முகம் பார்த்துப் பேசாத நிலை வந்தபோது, என்னிடம் வந்தார்கள். “கிராணியம்மா, நீங்களே ஒரு பிரேம் பார்த்து வாங்கிட்டு வந்துருங்க. நீங்க எந்தப் பக்கமும் இல்ல,” என்றார் தலைவர். பொருளாளரும் தலையை ஆட்டினார். நான் வாங்கிவந்தால் இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டலாம் அல்லவா, அதனால் வந்த ஒற்றுமை.

அடுத்த முறை அக்காவுடன் நானும் போனேன். ரத்தம் சுத்தமாகி பஸ்சில் திரும்பும்போது ரிங்லெட்டில் இறங்கிக்கொண்டோம். சீனர் எங்களை உட்காரவைத்து, இருந்த பிரேம்களை எல்லாம் மேசையில் பரப்பினார். தங்கம், வெள்ளி, புலி வாய், நெருப்பு, கால்பந்துக் கொடிகள். அக்கா எதையும் தொடவில்லை. ஓரமாகக் கிடந்த கறுப்பு பிரேமைக் காட்டினாள். அதில் எழுத்தும் இல்லை, படமும் இல்லை.

“இது போதும். நம்பரு தெரியுதுல்ல,” என்றாள்.

சீனர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும். திருகாணிகளை இனாமாகவே கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் முன்னும் பின்னும் மாட்டினேன். மாட்ட ஆன நேரத்தில் ஒரு பானைச் சோறு கூட வெந்திருக்காது. இவ்வளவுதான் விஷயம் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். விஷயம் அதுவே இல்லை என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் நானும் அக்காவும் கொட்டகைக்குப் போனோம். இனி கோழி எரு லோரி வேண்டாம் என்று அந்த டிரைவருக்கு அக்கா முன்பே நன்றி சொல்லி அனுப்பிவிட்டாள். பனி இறங்கிக் கொட்டகைத் தகரம் சொட்டிக்கொண்டிருந்தது. தலைவரும் பொருளாளரும் அங்கே வந்திருந்தார்கள். வண்டியை எடுக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தலைவர் பிரேமையே முறைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன கிராணியம்மா, இப்படி மொட்டையா மாட்டி வச்சிருக்கீங்க?”

“நம்பர் தெரியுது. வண்டி ஓடும். சாவி குடுங்க,” என்றேன்.

“ஓடும் லா. யாரு இல்லேன்னது. ஆனா முதல் சவாரிங்க இது…” என்று பொருளாளர் இழுத்தார். இழுத்தவர் அக்காவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. “முதல் சவாரின்னா என்ன? கற்பூரம் காட்டியாச்சு, காய் உடைச்சாச்சு.”

தலைவர் குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில்தான் அக்கா நிற்கிறாள், எதற்குத் தாழ்த்தினார் என்று தெரியவில்லை. “தப்பா எடுத்துக்காதீங்க. கோயிலுக்குப் புது வண்டி, அம்மன் பேருல உள்ள வண்டி. முதல்ல ஏறுறவங்க சுமங்கலியா இருந்தா நல்லது. நோயாளியும் இல்லாம… அதான் ஆடித் திருவிழாவுல முதல்ல உற்சவ மூர்த்தியை ஏத்திட்டு ஒரு சுத்து சுத்திட்டா, அப்பறம் அக்காதானே எந்நேரமும். முதல் சவாரி சாமி போகட்டும்னு கமிட்டியில முன்னயே பேசினோம்.”

முன்னயே. அந்த ஒரு சொல்லில் எல்லாம் விளங்கிவிட்டது. தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை, தகப்பனார் பெயரும் இல்லை, நாலு டயரும் இல்லை. அவர்கள் சண்டை போட்டது நிஜம்தான், அதில் அவர்களுக்கு சுகமும் இருந்தது. ஆனால் சண்டை எப்போது தீரும் என்று ஒருவருக்கும் அவசரம் இருந்திருக்கவில்லை. தாலி அறுத்த ஒரு நோயாளி முதலில் ஏறிவிடக் கூடாது, அதை முகத்துக்கு நேரே சொல்லவும் வாய் வராது. அதனால் பிரேம் பார்த்தார்கள். அவள் பெயரைச் சொல்லி வாசலுக்கு வாசல் அழுத அதே கண்ணால் பிரேம் பார்த்தார்கள். கோழி எருவை விட நாறுகிற சாமான் உலகத்தில் உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். என் நீளமான வாயில் அந்த நேரம் பார்த்து ஒரு சொல் வரவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

அக்கா கோபப்படவில்லை. மேல்மூச்சு வாங்கியது அவளுக்கு. இரண்டு நாள் தண்ணீர் உடம்பில் சேர்ந்து கால் வீங்கியிருந்தது. மெல்ல நடந்து போய், பூட்டாமல் இருந்த முன் கதவைத் திறந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். ஊசி குத்தும் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அக்கா, இறங்குங்க, பேசிக்கலாம்,” என்றார் தலைவர்.

“சாமிக்கு ஒண்ணும் அவசரமில்ல தம்பி. எனக்குத்தான் நேரமாச்சு,” என்றாள் அக்கா. கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, அதே சாதாரணக் குரலில் சொன்னாள்: “நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன். நீங்க நிதானமா பேசிட்டு வாங்க. அதுக்குள்ள இந்த சீட்லயே என் உயிரு போச்சுன்னா, முதல் சவாரி எதுன்னு நீங்களே பார்த்துக்குங்க.”

சாவி யார் சட்டைப் பையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு வேகமாக வந்தது.