பொட்டுக்கு அடியில் போன நம்பர்

காருக்குப் பதினைந்து வயசு முடிந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, இன்னும் ஐந்து வருஷம் ஓடலாம் என்று எழுதி வாங்க வேண்டும். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. என்னை ஒருத்தரும் கூப்பிட்டுச் சோதித்துப் பார்க்கவில்லை.

தேறாவிட்டால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று பட்டாளத்தில் இருக்கும் மகன் போனில் சொல்லிவிட்டான். என் மனைவிக்கு முழங்கால் வலி, பஸ் படி ஏற முடியாது. சாரல் காலத்தில் மேலகரத்திலிருந்து அவளைக் குற்றாலத்துக்குக் குளிக்கக் கூட்டிப்போக இந்தக் காரை விட்டால் வழியில்லை.

புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்தபோது வாங்கியது. டிக்கியில் மூட்டை ஏற்றி ஏற்றி, இன்றைக்கும் ஏசி போட்டால் ஊறுகாய் வாசம்தான் வரும். அது கிடக்கட்டும்.

பிரேக், விளக்கு, ஹாரன் எல்லாம் சரிபார்த்துப் பெயிண்டும் அடித்தோம். பெண் பார்க்க வந்த நாளில்கூட என் மகளுக்கு இத்தனை அலங்காரம் நடக்கவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மெக்கானிக்கும் என் மனைவியும் துணைக்கு வந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் இது எதையும் பார்க்கவில்லை. பானெட்டைத் திறந்து, காகிதமும் பென்சிலுமாகக் குனிந்தார். இரும்பில் குத்தியிருக்கும் சேஸிஸ் நம்பர்மேல் காகிதத்தை வைத்துத் தேய்த்துப் பதிவெடுக்க வேண்டுமாம்.

"நம்பர் எங்கன, பெரியவரே?"

எட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தன. ஆயுத பூஜை தவறாமல் என் மனைவி அங்கேதான் பொட்டு வைப்பாள். என்ஜின் சூட்டில் அது செங்கல்லாகியிருந்தது. பெயிண்டர்கூட அதைச் சுற்றித்தான் அடித்திருந்தான்.

மெக்கானிக்கைப் பார்த்தேன்.

"சாமி இருக்க எடம் அண்ணாச்சி. நான் எப்பிடி கை வைக்க?"

"நம்பர் இல்லன்னா யாரு வண்டின்னு எழுத? திருட்டு வண்டியாக்கூட இருக்கலாம்லா" என்றார் இன்ஸ்பெக்டர்.

பின்சீட்டிலிருந்து என் மனைவி தலையை நீட்டினாள். "திருட்டு வண்டிக்கு எவளாவது வருஷா வருஷம் பொட்டு வைப்பாளாய்யா?"

"ஆச்சி, ரூல்ல பொட்டுக்கு எடம் இல்ல."

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். "நம்பர்ல கீறல் விழுந்துச்சோ, வண்டி இரும்புக்குத்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

என் மனைவி மெதுவாக இறங்கி வந்தாள். வண்டி தேறியதும் சக்கரத்துக்கு அடியில் வைக்கக் கொண்டுவந்த எலுமிச்சம்பழங்களை என் கையில் திணித்தாள்.

"இத வச்சுத் தேயுங்க. ஆயுசு பூரா எலுமிச்சம்பழம் வித்தியளே, இது தெரியாண்டாமா?"

ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பிழிந்து தேய்த்தேன். சிவப்புச் சாறு வழிந்தது. ஒவ்வொரு எண்ணாக எழும்பி வந்தது. இன்ஸ்பெக்டர் பதிவெடுத்துக் கையெழுத்தும் போட்டார்.

"பிரேக் பாக்கலையா சார்?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"ஆபீசுக்குள்ள வந்து நின்னுச்சுல்லா. பெறவென்ன?"

பானெட்டை மூடுமுன் என் மனைவி மடியிலிருந்து கோயில் பொட்டலத்தைப் பிரித்து, நம்பர்மேல் பளிச்சென்று ஒரு பொட்டு வைத்தாள்.

"ஆச்சி! கொஞ்சம் தள்ளி வைக்கக்கூடாதா?"

"அங்கன வச்சுத்தானேய்யா வண்டி தேறியிருக்கு."

சக்கரத்துக்கு வைக்கப் பழம் மிச்சமில்லை. சும்மாவே வண்டியை எடுத்தேன்.

"வீட்டுக்கு வேண்டாம், நேரா அருவிக்கு விடுங்க" என்றாள். "உங்க கையெல்லாம் ஒரே பிசுக்கு."