டாங்கிக்கரைத் தக்காளி

தக்காளிக் கன்று விற்பது மரியாதையான தொழில்தான். வாங்கிக்கொண்டு போனவர் காய்க்கிற நாள்வரைக்கும் உங்களைக் கள்ளி என்று நினைத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். யுத்த காலத்தில் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில், ஹாஜியார் ஒருவரின் மேல்வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். சிலாப் என்று நாங்கள் சொல்லும் கொங்கிறீட் கூரைத் தட்டுத்தான் என் தோட்டம். பழைய பெயின்ற் வாளியில் தக்காளி வைத்து, கடற்காற்றில் பூக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றிருப்பவர்களுக்கு என் கஷ்டம் விளங்கும். மற்றவர்கள் என்னைச் சந்தேகப்படலாம். எனக்குப் பழகிவிட்டது.

புறக்கோட்டைப் பக்கற்

லொறி வராத கிழமைகளில் சந்தையில் தக்காளியைக் கண்ணால் காண முடியாது. அந்த ஆத்திரத்தில்தான் ஒருநாள் புறக்கோட்டைக்குப் போய் ஹைபிரிட் விதைப் பக்கற் ஒன்று வாங்கினேன். பக்கற்றில் இருந்த படத்தில் தக்காளிகள் எண்ணெய் பூசிக் குளிக்க நின்ற பிள்ளைகள் மாதிரி மினுங்கின. "இதிலை பிறகு விதை எடுத்து வைக்கலாமோ?" என்று கடைக்காரரைக் கேட்டேன். நான் ஏதோ அவருடைய காசு லாச்சித் திறப்பைக் கேட்டதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

எடுக்கவேண்டாம், ஒவ்வொரு முறையும் புதுப் பக்கற் வாங்கவேண்டும் என்றார். விற்கிற மனுசன் வேறு எதைச் சொல்லுவான்? முதல் பழம் பழுத்ததும் விதை எடுப்பது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கும் அது விளங்கியிருக்கவேண்டும். மிச்சக் காசைத் தரும்போது சொன்னார்: "அக்கா, இது ரெண்டு சாதியக் கலந்து எடுத்த விதை. நீங்க திரும்ப விதை எடுத்துப் போட்டா, என்ன காய்க்கப் போகுதெண்டு அந்தக் கண்டுக்கே தெரியாது."

புளித்த போத்தல்கள்

விதை எடுக்கிற வேலை மணக்கிற வேலை. நன்றாகப் பழுத்த பழத்தைப் பிழிந்து, விதையைச் சாறோடு ஜாம் போத்தலில் விட்டு, வாயைச் சீலைத் துண்டால் கட்டி இரண்டு மூன்று நாள் வைக்கவேண்டும். புளித்து, மேலே வெள்ளை ஆடை படரும். விதையைச் சுற்றியிருக்கிற வழுவழுப்பு அப்போதுதான் கழலும். பிறகு கழுவி, பீங்கானில் பரப்பி, நிழலில் காயவைக்கவேண்டும்.

எங்கள் சமையலறையில் இடம் இல்லாததால் போத்தல்களை மாடிப்படியில் வரிசையாக வைத்தேன். கீழ்வீட்டில் ஹாஜியார் குடும்பம். முதல் நாள் ஹாஜியாரின் மனைவி படியடியில் நின்று மேலே பார்த்தா. அடுத்த நாள் ஹாஜியாரும் வந்து நின்றார். மூன்றாம் நாள் அவ ஒரு கோப்பை வட்டிலப்பத்தோடு ஏறி வந்தா. பெருநாளுக்குச் செய்கிற இனிப்பு அது; அன்றைக்குப் பண்டிகை நாளும் இல்லை, ஒன்றும் இல்லை. வட்டிலப்பத்தை என் கையில் தந்துவிட்டு, குனிந்து ஒரு போத்தலை மூக்கருகே பிடித்தா. நான் தக்காளி, விதை, புளிப்பு என்று எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டா. கேட்டு முடிந்ததும் சொன்னா: "அது சரி புள்ள. இதுல சாராயம் கீராயம் ஒண்டும் இல்லெண்டு ஒங்கட வாயால ஒருக்கா சொல்லுங்க, நான் அவருக்கிட்டப் போய்ச் சொல்லோணும்."

ஆறு கன்று, ஆறு சாதி

அந்த விதையில் வந்த கன்றுகளைத்தான் முதலில் விற்றேன். வாங்கியவர் பொன்னுத்துரை அண்ணை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு ஒழுங்கை தள்ளி மகளோடு இருந்தார். ஆறு கன்று வாங்கினார். ஆறையும் வெயிலுக்குத் தூக்கிப் பிடித்து, இலையைப் புரட்டி, ஏதோ கள்ள நோட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோனார்.

காய்க்கிற காலத்தில் ஒருநாள் ஒரு ஷொப்பிங் பையோடு வந்து, என் மேசையில் பழங்களை வரிசையாக வைத்தார். ஒன்று உருண்டை. ஒன்று நீளம். ஒன்று மணிபோலச் சின்னது. ஒன்று பூசணிபோல வரிவரியாக. ஒன்று பழுத்தும் காம்படித் தோளில் பச்சை. ஆறாவது காய்க்கவே இல்லை, அதன் இலையைக் கொண்டுவந்திருந்தார். கடைக்காரன் அன்றைக்குச் சொன்னது பொய்யில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதை இவரிடம் எப்படிச் சொல்வது? "கலப்பு விதை, அண்ணை. அடுத்த முறை பிரிஞ்சுதான் வரும். நல்லதைத் தெரிஞ்சு தெரிஞ்சு விதை எடுத்தால், நாலைஞ்சு தலைமுறையிலை ஒரு நிலைக்கு வரும்" என்றேன். அவர் பழங்களைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஒரு தாய்க்குப் பிறந்து ஆறும் ஆறு பக்கம் நிக்குது. பிள்ளை, நீர் எனக்கு வித்தது தக்காளியோ, எங்கடை கட்சியளோ?"

ஒரு பை யூரியா

எங்கள் ஒழுங்கை முகப்பில், காலி வீதியில், ஒரு சோதனைச் சாவடி இருந்தது. மண்மூட்டை, தகரம், இரண்டு பொடியன்கள். குண்டு செய்யவும் யூரியா உதவும், தமிழ்ப் பெண் ஒருத்தி அதோடு சாவடியைக் கடக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. சின்னப் பைதானே என்று நினைத்தேன்.

பையைத் திறந்த சிப்பாய் வெள்ளை மணிகளைக் கண்டதும் இரண்டடி பின்னுக்குப் போனான். மற்றவன் துவக்கைச் சரிசெய்தான். சிங்களம் எனக்கு விளங்கும், பேச வராது. நல்லவேளையாகத் தக்காளிக்குச் சிங்களத்திலும் தக்காலிதான். "தக்காலி, மல்லி, தக்காலி" என்று, தம்பிக்கு அவர்கள் சொல்லும் சொல்லையும் சேர்த்து, அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அடையாள அட்டையைப் பார்த்தான், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று வாசித்தான், என்னையும் பார்த்தான். வெயிலில் வெகுநேரம் நிற்கவைத்தார்கள். கடைசியில் என்னை விட்டார்கள், யூரியாவை விடவில்லை. கொஞ்ச நாளில் மண்மூட்டைகளுக்கு முன்னால் தகரப் பேணிகளில் நின்ற செவ்வந்திகள் கரும்பச்சையாகக் கொழுத்துவிட்டன. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதே சிப்பாய் பையைத் திறக்கச் சொல்லிவிட்டு, சிரிக்காமல் கேட்பான்: "அம்மே, தக்காலி ஹொந்தத?" தக்காளி சுகமா என்று.

டாங்கி மூன்று

விதைகளைப் பிலிம் ரோல் டப்பாக்களில் வைத்திருந்தேன். காலி வீதி ஸ்டூடியோ ஒன்றில் சும்மா தருவார்கள். உள்ளே கொஞ்சம் சாம்பலும் போட்டு இறுக்கி மூடினால் விதை பழுதாகாது. மூடியில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரில் ஒரு துண்டு ஒட்டி, எந்தக் கன்றின் விதை என்று எழுதுவேன். உருண்டை இரண்டு, நீளம் ஒன்று, இப்படி. எல்லாவற்றிலும் நல்ல கன்று தண்ணீர் டாங்கிக்குப் பக்கத்தில் மூன்றாவதாக நின்றது. வெக்கையிலும் பூக் கொட்டவில்லை. அதன் டப்பாவில் "டாங்கி 3" என்று எழுதியிருந்தேன்.

ஒருநாள் காலை ஒழுங்கையைச் சுற்றி வளைத்துத் தேடுதல். இவர், அதாவது என் மனுசன், கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளார்க், வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். அலுமாரிக்குள் வரிசையாகக் கறுத்த டப்பாக்கள். திறந்தால் சாம்பல். தமிழ் வாசிக்கத் தெரிந்த பொலிஸ்காரர் மூடிகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்து, டாங்கி மூன்றில் நின்றார். யுத்த டாங்கிக்கும் இதே சொல்தான் என்பது எனக்கு அப்போதுதான் தட்டியது.

"இது யாருடையது?" என்று கூட வந்த அதிகாரி கேட்டார். நான் வாய் திறக்கமுதல் இவர் சொன்னார்: "என்ரை." இவர் ஒரு வாளிக்குத் தண்ணீர் ஊற்றியதில்லை. மாலையில் வந்தால் பேப்பர், பிறகு ரேடியோ. சிலாப்புக்கு ஏறியதே அன்ரெனா திருப்பத்தான். டப்பாக்களையும் இவரையும் கொண்டுபோனார்கள்.

பின்னேரம் ஸ்டேஷனில் அதிகாரியின் முன்னால் நின்றேன். அதெல்லாம் தக்காளி விதை, என்னுடையது, இவருக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவர் சத்தம் போடவில்லை. களைத்த குரலில்தான் கேட்டார்: "தக்காளி வளர்க்கிறதாக உங்கட மனுசன் சொல்றார். பூ என்ன நிறம் எண்டு கேட்டன். வெள்ளை எண்டு சொல்றார். மஞ்சள் எண்டு எனக்கே தெரியும். அப்ப இவர் யார்?"

ஹாஜியாரின் சாட்சி

பொலிஸ் ஸ்டேஷன் மர வாங்கில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நேரம் எப்படிப் போகும் என்று. உள்ளே கதவு திறக்கும்போதெல்லாம் எழும்பினேன். எனக்காகப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டாரே என்று கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இனி வீட்டில் ஒரு கன்றும் வைப்பதில்லை என்று நினைத்தேன். யார் காட்டிக் கொடுத்திருப்பார்கள் என்றும் யோசித்தேன். படியடியில் நின்று மேலே பார்த்த ஹாஜியாரின் முகம்தான் முன்னுக்கு வந்தது.

மறுநாள் மத்தியானம் அவரே தொப்பியும் குடையுமாக வந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நேரே அதிகாரியிடம் போனார். வீட்டுக்காரன் நான் என்றார். நல்ல சிங்களம் அவருக்கு. கதவு திறந்துதான் கிடந்தது, எல்லாம் கேட்டது. எங்களை நல்லவர்கள் என்று ஒரு சொல் சொல்லவில்லை. யார் யார் எங்கள் படியேறுகிறார்கள், எத்தனை வாளி ஏற்றினேன், போத்தலில் என்ன மணம், ராத்திரி எத்தனை மணிக்கு லைற் அணையும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்கள் வீட்டைப் பற்றி எங்களைவிட அவருக்குக் கூடத் தெரிந்திருந்தது. பின்னேரம் இவரை விட்டார்கள். சிங்களத்தில் ஹாஜியார் முடித்ததைத் தமிழில் அப்படியே தருகிறேன்: "நீங்க நேத்துத்தான் இவங்களச் சந்தேகப்பட்டீங்க. நான் மூணு வருஷமாச் சந்தேகப்பட்டுப் பாத்துட்டு ஈக்கிறன். தக்காளியத் தவிர ஒண்டும் இல்ல."

பேப்பரில் சுற்றித் தாரும்

பொலிஸ் வந்துபோன வீட்டில் யார் கன்று வாங்குவார்கள்? இரண்டு மாதமாக ஒருவரும் படியேறவில்லை. பொன்னுத்துரை அண்ணை காலி வீதியில் என்னைக் கண்டால் கடைக் கண்ணாடியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அவரையும் பிழை சொல்லமுடியாது. அவருடைய மகளின் பொடியனுக்கு இருபது வயது, பிடித்துக்கொண்டு போகிற வயது.

ஒருநாள் கீழே நின்று, கேற்றைத் தட்டாமல், மெல்லமாகக் கூப்பிட்டார். சாடி காலியாகக் கிடக்கிறதாம், நாலு கன்று வேணுமாம். மேலே வரச்சொன்னேன், வரவில்லை. இந்தமுறை இலையைப் புரட்டிப் பார்க்கவும் இல்லை. ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நல்லாய் இருக்கிறார் என்றேன். இருவருக்கும் தெரியும் அது முழு உண்மை இல்லை என்று. சிலாப்பில் மிஞ்சிய ஒற்றைக் கன்றின் விதையில் முளைத்தவற்றை நான் கையில் கொடுக்கப்போக, அவர் பின்வாங்கிச் சொன்னார்: "பேப்பரிலை சுத்தித் தாரும், பிள்ளை. உம்மட்டை வாங்கினதெண்டு ஒருத்தருக்கும் தெரியவேண்டாம். தக்காளி மட்டும் நல்லதாய்த் தாரும்."

பிளாஸ்ரர்

இவர் வீட்டுக்கு வந்து சில நாள் பேப்பரையும் ரேடியோவையும் தொடவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று நானும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் காலை சிலாப்புக்கு ஏறி வந்தார். வாடாமல் மிஞ்சிய ஒரு கன்றில் நாலைந்து பூ நின்றது. குனிந்து நின்று வெகுநேரம் பார்த்தார். அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார்.

டப்பாக்கள் பல மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தன. உள்ளே இருந்ததை எல்லாம் ஒரே பையில் கொட்டித் தந்தார்கள், பிளாஸ்ரர்களை உரித்து எடுத்துவிட்டார்கள். இத்தனை தலைமுறையாகப் பிரித்துப் பிரித்துச் சேர்த்த விதை. உருண்டை எது, நீளம் எது என்று ஒரு விதையின் முகத்திலும் எழுதியிருக்கவில்லை. எல்லாவற்றையும் கலந்து விதைத்தோம். சாம்பலுக்குள் கிடந்ததாலோ என்னவோ, முக்கால்வாசி முளைத்தது. அதில் ஒன்றிரண்டு அந்தப் பழைய கன்றைப்போலவே வெக்கையைத் தாங்கிக் காய்த்தன. அதே கன்றின் பிள்ளையா என்று சத்தியம் செய்யமாட்டேன்.

அந்தப் பழத்தின் விதையைக் காயவைத்து டப்பாவில் போட்டு, பிளாஸ்ரர் வெட்டி, பேனையை எடுத்தேன். இவர் என் கையிலிருந்து பேனையை வாங்கி மேசையில் வைத்தார். "எழுதாட்டி எப்படி அடையாளம் காணுறது?" என்று கேட்டேன். டப்பாவை அலுமாரிக்குள் வைத்தபடியே சொன்னார்: "பேர் ஒண்டும் எழுதாதையும். பேர் இருந்தால்தான் கேள்வி வரும்."

இப்போதும் யாராவது வந்து இது என்ன ரகம் என்று கேட்டால், தெரியாது என்று உள்ளதைத்தான் சொல்கிறேன். அதையும் ஒருவரும் நம்புவதில்லை.