விதானம் நின்ற இடம்

சொல்ல வேண்டியவை மூன்று:
1. இன்றைய பவனியில் திருப்பண்டத்தின் மேல் பிடிக்கும் விதானத்தில் ஒரு கம்பு என் கையில் இருந்தது.
2. வழியில் எங்கும் நிற்கக்கூடாது என்பது பங்குச் சாமியாரின் உத்தரவு.
3. முழங்கால் வலியால்தான் நான் நின்றேன்.

கம்பு பிடித்த நால்வரில் நான்தான் வயதானவன். அர்ச்சிஷ்டவரின், அதாவது புனிதரின், எலும்புத் துண்டான அந்தத் திருப்பண்டம் இருந்த கண்ணாடிப் பேழையைச் சாமியார் ஏந்தி வந்தார். மூன்று தெரு நடப்பதற்குள் என் தோள் மரத்துவிட்டது.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் என் பக்கம் வந்தாள்.

"ஐயா, அதோ அந்த மாடி சன்னல்கிட்ட எங்க வூட்டுக்காரரு படுத்திருக்காரு. எழுந்து உக்கார நேரமாவும். செத்த நிக்கச் சொல்லுங்களேன்."

"நிக்கச் சொல்ல நான் யாரும்மா?"

சன்னலுக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டேன். ஒருவர் நின்றால் விதானம் நகராது. சாமியாரும் நின்றார். பின்னால் பாட்டும் நின்றது.

"என்ன முசியே, தூக்கமா?" என்று பிரெஞ்சு மரியாதையோடு கேட்டார் அடுத்த கம்பைப் பிடித்திருந்த சவரிமுத்து.

"முழங்கால்" என்றேன்.

சன்னலில் ஒரு மெலிந்த கை மெதுவாக உயர்ந்து சிலுவை வரைந்துகொண்டது. பிறகு நடந்தோம்.

"நாளைக்கே வைத்தியரப் பாருங்க" என்று பவனி முடிந்ததும் சாமியார் அன்பாகச் சொல்லி அனுப்பினார்.

மூன்றாவது குறிப்பு தவறு. என் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. உங்களில் யாராவது சாமியாரிடம் சொல்லிவிடுங்கள், எனக்குத் தைரியமில்லை.