அவரைக்காய் வேண்டாதவர்கள்

அவரைக்காய் ஒரு கல்யாணத்தை நிறுத்தும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டில் நிறுத்தியது. அதுவும் மண்டபம் பிடித்து, பத்திரிகை அச்சுக்குப் போய், அத்தைக்கு முகூர்த்தப் புடவை எடுத்து வந்த பிறகு. அப்போது நான் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். இன்று எனக்கே கல்யாணமாகி அசோக் நகரில் குடித்தனம் நடத்துகிறேன். புகுந்த வீட்டில் அவரைக்காய்க்குத் தடையில்லை. மாமியார் கேட்டால் நானே நறுக்கிப் பொரியல் செய்து வைக்கிறேன். ஆனால் அன்றைக்கு எங்கள் கூடத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கேட்பதில்லை. இப்படியும் ஒரு வீட்டில் நடக்குமா என்று இன்னும் ஆறவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் பெரியப்பா. அப்பாவுக்கு மூத்தவர், நல்ல மனிதர், ஒரு எறும்புக்குக் கூடக் கெடுதல் நினைக்கத் தெரியாதவர். அப்படிப்பட்டவர்களிடம்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. எங்கள் வம்சத்தைத் தேடுகிற பைத்தியம்.

தியாகராய நகர் என்று ஒன்று உண்டாவதற்கு முன், அங்கே பெரிய ஏரி இருந்த காலத்தில், கரையோரத்து முள்ளை வெட்டி மண்ணைக் கொத்தி முதன்முதலில் பயிர் வைத்தது எங்கள் முன்னோர்தான் என்பது பெரியப்பாவின் கட்சி. கிணறு தோண்டி ஏற்றம் போட்டு இறைத்ததால் அந்த முதல் மனிதருக்கு ஏத்தக்காரர் என்றே பெயர். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. நிலமெல்லாம் கைமாறி, பிள்ளைகள் சண்டை போட்டுத் திசைக்கொருவராகப் போய், எங்களுக்கு மிஞ்சியது மேற்கு மாம்பலத்துச் சந்தில் ஒரு வீடு. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால், ஜவுளிக்கடையின் நகரும் படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டு, இங்கேதான் நம்முடைய கத்திரிப் பாத்தி இருந்தது என்று பெரியப்பா உரக்கச் சொல்வார். பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். அம்மா யாரோ போல நகர்ந்து போய்விடுவாள்.

ஏத்தக்காரருக்கு ஒரு பெண் குழந்தை இருந்ததாம். கிணற்றை ஒட்டிப் போட்டிருந்த அவரைப்பந்தலுக்குள் ஒளிந்து விளையாடும்போது பாம்பு தீண்டி இறந்துவிட்டது. அன்றே பந்தலைப் பிடுங்கிப் போட்ட மனிதர், இனி என் வம்சத்தில் யாரும் அவரைக்காயை வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் அவரைக்காய் இல்லை. ஏனென்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்வார்கள்.

பெரியப்பா இதைப் பிடித்துக்கொண்டார். சொத்து போகும், பெயர் மாறும், ஊர் மறக்கும். சாப்பாட்டில் வைத்த கட்டுப்பாடு மட்டும் போகாது, அதைக்கொண்டே நம் ஆட்களைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஸ்கூட்டரை எடுத்துவிடுவார். துணைக்கு நான். பழைய மாம்பலத்துக் குடும்பம் என்று யார் காதில் போட்டாலும் போதும், கோடம்பாக்கமோ மயிலாப்பூரோ, அந்த வீட்டு வாசலில் போய் நிற்போம். எடுத்த எடுப்பிலேயே உங்கள் வீட்டில் அவரைக்காய் சமைப்பதுண்டா என்று கேட்பார். ஏதோ காய்கறி விற்கிற கம்பெனி என்று நினைத்து மூடிய கதவுகள் உண்டு. நாயை அவிழ்த்துவிட்ட வீடும் உண்டு. ஆனால் சினிமாவுக்கு அட்டை வீடு கட்டித் தருகிற ஒரு தச்சர், உண்டா என்று கேட்டதுமே முகம் மாறி, ஐயோ அது எங்களுக்கு ஆகாதே என்றார். பெரியப்பா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் எனக்கு இரண்டு வடை கிடைத்தது.

இப்படிச் சேர்ந்தவர்களையெல்லாம் கூடத்துச் சுவரில் ஒட்டிய பெரிய தாளில், கிளை கிளையாகக் கோடு போட்டு எழுதிக்கொண்டே வந்தார். எல்லோரும் நமக்குப் பங்காளிகள் என்று எனக்கு விளக்குவார். ஆண்வழியில் ஒரே மனிதரிடம் போய்ச் சேருகிறவர்கள் பங்காளிகள். எத்தனை தலைமுறை கடந்தாலும் அண்ணன் தம்பிதான். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. பங்காளி வீட்டில் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். எனக்கு இதெல்லாம் பாடம் மாதிரி மனப்பாடம்.

அந்தச் சமயத்தில்தான் அத்தைக்கு இடம் அமைந்தது. அப்பாவுக்கு ஒரே தங்கை. செவ்வாய் தோஷம், அது இது என்று வருகிற வரன் எல்லாம் தட்டிப்போய், கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிற அளவுக்கு அத்தை வெறுத்துப்போயிருந்தாள். அடையாறில் இருந்து வந்த அந்த மாப்பிள்ளை பெண் பார்த்த அன்றே பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஜாதகமும் பொருந்தியது. குலதெய்வம் எது என்று அப்பா முறைப்படி கேட்டார். திருப்பதி என்றார்கள். குலதெய்வம் தெரியாமல் போன குடும்பங்கள் எல்லாம் திருப்பதியைத்தான் சொல்லும் என்பது பெரியப்பாவுக்குத் தெரியாதா என்ன. ஊரெல்லாம் அவரைக்காய் விசாரித்த மனிதர், அங்கே மட்டும் வாயைத் திறக்கவில்லை. பெண் வீட்டுக்காரர்கள் அதிகம் கேள்வி கேட்டால் மரியாதையாக இருக்காதாம்.

நிச்சயம் ஆன பிறகு அவர்கள் இருவரும் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவார்கள். தனியாக அனுப்ப மாட்டார்கள் என்பதால் காவலுக்கு நான். என்ன காவல், பஜ்ஜி வாங்கிக் கொடுத்தால் நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன். குப்பத்துப் படகுகள் நிற்கிற இடம் வரைக்கும் பேசிக்கொண்டே நடந்து போய், பேசிக்கொண்டே திரும்பி வருவார்கள். அத்தை அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அத்தையின் கணவர் மாமா அல்லவா, அதனால் அப்போதிருந்தே அவரை மாமா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். என் மாமா, என் மாமா என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன்.

சமையல்காரரிடம் கல்யாணச் சாப்பாடு பேசி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அத்தை உள் அறையில் ரவிக்கைத் துணிக்கு நூல் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையல்காரர் காலைப் பலகாரத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பொரியலுக்கு அவரைக்காய் வைத்துக்கொள்ளலாம், இப்போது பிஞ்சாக வருகிறது என்றார்.

வேண்டாம் என்று அப்பா சொன்னார். அதே நேரத்தில், அதே வேகத்தில், மாப்பிள்ளையின் அப்பாவும் வேண்டாம் என்றார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். பீன்ஸ் போடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஐட்டத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் பெரியப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஏன் சம்பந்தி, உங்களுக்கு அவரைக்காய் ஆவாதா இன்னா?"

"அது எங்க பரம்பரையிலயே கூடாதுங்க. அந்தக் காலத்துல ஒரு பொண்கொழந்த அவரைப்பந்தல்ல பாம்பு கடிச்சுச் செத்துப்பூட்ச்சாம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"உங்கள ஏத்தக்காரர் வீடுன்னு சொல்லுவாங்களா?"

"ஆமா. எங்கப்பா சொல்லிக்கினு இருப்பாரு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெரியப்பா துள்ளி எழுந்துவிட்டார். அடையாறுக் கிளை, அடையாறுக் கிளை என்று சுவர்ப்பக்கம் ஓடினார். எத்தனை வருஷமாகத் தேடினேன், வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று சிரித்தபடியே தாளில் முடிவு தெரியாமல் வெறும் கோடாக நின்றிருந்த ஒரு கிளையின் மேல் விரலை வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரும்பி எங்களைப் பார்க்கவில்லை. அவர் கழுத்து வியர்ப்பது எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த காபியை அலுங்காமல் கீழே வைத்தாள். அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஒன்றும் புரியாத சமையல்காரர் மட்டும், அப்படியானால் பீன்ஸ் போட்டுவிடலாமா என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவர்கள் இரண்டு பேரும் எழுந்தார்கள். அந்த அம்மா வாசலில் செருப்பு மாட்டிக்கொள்ளும்போது, தங்கச்சியைக் கட்டினவன் என்று என் பிள்ளையைச் சொல்ல விடமாட்டேன் என்று பொதுவாக யாருக்கோ சொன்னாள்.

அத்தை வெளியே வந்தாள். கையில் ஊதா நூல்கண்டு அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நேராகப் பெரியப்பாவின் முன்னால் போய் நின்றாள். கத்தவில்லை, அழவில்லை.

"நீ கேக்காம இருந்திருந்தா, அவரு எனக்கு இன்னா மொறைண்ணா?"

பெரியப்பா சுவரில் இருந்த தாளைத் திரும்பிப் பார்த்தார். யார் யாருக்கு என்ன உறவுமுறை என்ற கேள்விகளில், அவருக்குப் பதில் தெரியாமல் போனது அது ஒன்றுதான்.

அப்புறம் சில நாட்கள் வீடு வீடாக இல்லை. மாப்பிள்ளை தனியாக வந்து அப்பாவிடம் பேசினார். எப்போதோ இருந்த ஒருவருக்காக இதையெல்லாம் பார்க்க வேண்டுமா, பதிவு அலுவலகத்தில் செய்துகொள்கிறோம் என்று கெஞ்சினார். அப்பா அசைந்து கொடுக்கத்தான் செய்தார் என்று அம்மா இப்போது சொல்கிறாள். ஆனால் அடையாறில் அந்த அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். இங்கே பெரியப்பா கண்டுபிடித்துச் சேர்த்த பங்காளிகள் எல்லோரும் வரிசையாக வந்து, கூடவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு வடை கொடுத்த தச்சரும் வந்தார். தேடிப் பிடித்த சொந்தம் அல்லவா, உரிமை இருக்கத்தானே செய்யும்.

பத்திரிகை அச்சில் நின்றது. அடுத்த வாரமே பெரியப்பா கலர்ப் பேனாவை எடுத்துக்கொண்டு அந்தத் தாளின் முன்னால் போய் நின்றார். அடையாறுக் கிளையைக் கீழே வரைக்கும் இழுத்து, அத்தையின் பெயருக்குப் பக்கத்தில், அதே வரிசையில், அந்த மாப்பிள்ளையின் பெயரை எழுதினார். பழக்கதோஷமா, பிராயச்சித்தமா, எனக்குத் தெரியாது. இன்று நினைத்தால் அந்தக் கையை வெடுக்கென்று தட்டிவிடலாம் போல் ஆத்திரம் வருகிறது. அன்றோ, இரண்டு பெயரும் கல்யாணப் பத்திரிகையில் வருவது போலவே பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். இனி அவரை மாமா என்று கூப்பிடக் கூடாது, சித்தப்பா என்று கூப்பிட வேண்டும் என்று அம்மா சொன்னாள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மாமா என்றால் வெளி ஆள். சித்தப்பா என்றால் எங்கள் வீட்டு ஆள். இதற்குப் போய் அத்தை ஏன் சாப்பிடாமல் இருக்கிறாள் என்றுதான் விளங்கவில்லை.

அடுத்த வருஷம் அத்தைக்கு வேறு இடம் வந்தது. நல்ல குடும்பம்தான். ஆனால் ஒரு நிச்சயம் முறிந்த பெண் என்றால் சும்மா இருப்பார்களா. உறவு என்று தெரிந்து நிறுத்தினீர்களா, இல்லை வேறு ஏதாவதா என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். யாரோ ஒரு பெரியவருக்கு அபாரமான யோசனை தோன்றியது. மணமேடையில் பெண்ணின் சகோதரன் அவள் கையில் பொரி போட, அவள் அதை அக்கினியில் இடுகிற சடங்கு இருக்கிறது அல்லவா. அந்த அடையாறுப் பையனே வந்து அண்ணனாக நின்று பொரி போட்டுவிட்டால் அத்தனை வாயும் அடைந்துபோகும் என்றார். கேட்கவே கூசுகிறது, ஆனால் ஒருவர் விடாமல் தலையாட்டியிருக்கிறார்கள். பெரியப்பாதான் அடையாறுக்குப் போய்க் கேட்டார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாரோ. அவரும் சரி என்றாராம். அவர் மாட்டேன் என்றால் அத்தைக்கு இந்த இடமும் போய்விடும்.

மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. நான் பட்டுப்பாவாடையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். புது வேட்டி கட்டிக்கொண்டு அவர் தூணோரமாக நின்றார். மெலிந்திருந்தார். நான் சித்தப்பா என்று கையை ஆட்டினேன், அவரும் ஆட்டினார். தாலி கட்டியாகி, அக்கினிக்கு முன்னால் மணமக்கள் நின்றார்கள். பெண்ணின் சகோதரன் வரலாம் என்று ஐயர் கூப்பிட்டார். அவர் மேடைப் படிவரைக்கும் வந்தார், அதற்கு மேல் கால் எழவில்லை. ஐயர் மறுபடி கூப்பிட்டார். மேடையே அவரைப் பார்த்தது. பெரியப்பா அவர் பக்கம் பார்த்துவிட்டு, என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமல், தம்பி என்று தொடங்கி மென்று விழுங்கினார். அப்பா கையை மட்டும் அசைத்துக் கூப்பிட்டார்.

அத்தை திரும்பினாள். அவரை நேராகப் பார்த்தாள்.

"வாங்கண்ணா" என்றாள். சேர்த்துவைத்த இரண்டு கைகளையும் அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் வந்து பொரியை அள்ளிப் போட்டார். பாதி கையில் விழுந்தது, பாதி தரையில் சிந்தியது. என் பக்கத்தில் அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் திணறிக்கொண்டிருக்க, அத்தைக்கு மட்டும் அது எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது என்று அன்று நான் ஆச்சரியப்பட்டேன்.