மொட்டைக் கோபுரத்துக்கு ஒரு பீரங்கி

கொழும்பில் கப்பல் வந்து நின்றால் போதும், ஸ்ரீரங்கத்தில் சௌரிராஜனுக்கு முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிடும். அங்கே இறங்குகிற துரைமார்களையும் துரைசானிகளையும் படகிலும் ரயிலிலுமாகத் திருச்சி ஜங்ஷனுக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒரே பகலில் அவர்களுக்கு மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், பழைய இடிபாடுகள் எல்லாம் காட்டி அனுப்ப வேண்டும். இருபது வருஷமாக இதுதான் அவர் பிழைப்பு.

அந்தப் பிழைப்பில் ஒரு கோளாறு. கப்பல் சீஸனும் மார்கழியும் ஒன்றாக வந்து தொலைக்கும். எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் மார்கழியில் சில நாள் மட்டும் திறக்கிற பரமபதவாசலில் நுழைந்து புண்ணியம் தேடிக்கொள்ள, கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிற அவர் ஒரு வருஷமும் போனதில்லை. மனைவி வேதவதியும் போனதில்லை. சேர்ந்துதான் நுழைய வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். இந்த வருஷம் அவளுக்கு இழுப்பு அதிகம். அடுத்த மார்கழிவரை தாங்குவாளா என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. இன்று சாயங்காலம் அடைத்தால் வாசல் இனி அடுத்த வருஷம்தான். வெயில் தாழ்வதற்குள் வந்துவிடுகிறேன், புஷ்கரிணிப் படியில் இரு என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கடைசியாகக் காட்டியது தெற்கே மொட்டைக் கோபுரத்தை. அது இடியவே இல்லை. எந்தக் காலத்திலோ ராஜா ஒருவர் ஆரம்பித்து, பாதியில் நின்றுபோன வேலை. ஆனால் கடல் தாண்டி இடிபாடு பார்க்க வந்தவர்களிடம் அதைச் சொன்னால் முகம் தொங்கிப்போகும். அதனால் தொழிலுக்கு வந்த புதிதிலேயே ஒரு யுத்தத்தையும் பீரங்கியையும் சிருஷ்டி செய்து வைத்திருந்தார். அன்றைக்கும் அலுப்போடு அதையே ஒப்பித்தார்.

கூட்டத்தில் ஒரு கிழத் துரை, பட்டாளத்தில் பீரங்கிப் படையில் இருந்தவராம். குண்டு எந்தத் திக்கிலிருந்து வந்தது, எங்கே பட்டது என்று கல் கல்லாகத் தடவிப் பார்த்தார். பிறகு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு படம் வரைய உட்கார்ந்துவிட்டார். சௌரிராஜன் கெஞ்சியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். இப்போது நிஜத்தைச் சொன்னால் வேலை கொடுக்கிற கப்பல் கம்பெனி ஏஜண்டிடம் பேர் கெட்டுவிடும். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

ஒருவழியாக அவர்களைக் காரில் ஏற்றிவிட்டு ஓடினபோது வாசலைச் சாத்தியிருந்தார்கள். படியில் வேதவதி மட்டும் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்துக்காரர்கள் கூட வரச்சொல்லி எவ்வளவோ கூப்பிட்டார்களாம், அவள்தான் எழுந்திருக்கவில்லை.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்.

"இன்னிக்கும் பீரங்கிதான் சொன்னேளா?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள். "கட்டி முடிக்கலைன்னு உள்ளதைச் சொல்லியிருந்தா, அவர் அப்பவே எழுந்து போயிருப்பாரே."

 அவள் கையை நீட்டினாள், பிடித்துத் தூக்கிவிட்டார். சாத்தின கதவை இருவருமாகச் சேவித்துவிட்டு, அவள் மூச்சுக்காக நின்று நின்று வீட்டுக்கு நடந்தார்கள்.